விவாகரத்து + குழந்தை ஜீவனாம்சம்: வக்கீல் பிடிக்கும் முன் என்ன பார்க்கணும்?

வழக்குரை (இழையைத் தொடங்கியவர்)

குடும்ப நல கோர்ட்டுக்கு வக்கீல் தேடிப் போறவங்க முதல்ல கேக்கற கேள்வி, "எத்தனை மாசத்துல டைவர்ஸ் வாங்கித் தருவீங்க?" குழந்தை இருக்கற வீட்டுக்கு இது இரண்டாவது கேள்வியா இருக்கணும். இரு தரப்பும் மோதுற வழக்கு வருஷக்கணக்குல ஓடும். அவ்வளவு நாளும் ஸ்கூல் ஃபீஸ், வாடகை, மருந்துச் செலவு எங்கிருந்து வரும்கறதை முடிவு பண்றது இடைக்கால ஜீவனாம்ச மனுதான். அதை ஒழுங்காப் போட்டு, சீக்கிரம் உத்தரவு வாங்கத் தெரிஞ்ச வக்கீல்தான் உங்களுக்கு வேணும். மேடைப்பேச்சு மாதிரி குறுக்கு விசாரணை பண்றவரா இல்லையாங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்.

முதல் சந்திப்பில், "குழந்தைக்குப் பணம் கேட்டு எந்தச் சட்டத்துல, எந்தக் கோர்ட்டுல மனு போடுவீங்க, ஏன்?" என்று கேளுங்க. பதில்ல இந்த வழிகளாவது வரணும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன்னாடி இதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125. எந்த மதத்தவருக்கும் பொருந்தும். விவாகரத்து வழக்கு இருந்தாலும் இல்லாட்டியும் தனியா நிக்கும்.

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 24. விவாகரத்து அல்லது சேர்ந்து வாழக் கோரும் வழக்கு நடக்கும்போது கேக்கற இடைக்காலத் தொகையும் வழக்குச் செலவும். கணவனும் கேக்கலாம், மனைவியும் கேக்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005. பிரிவு 12-ல மாஜிஸ்திரேட் கிட்ட மனு. பணத்துக்குப் பிரிவு 20, தங்கற வீட்டுக்குப் பிரிவு 19. வீட்டை விட்டு வெளியேத்திட்டாங்க, போக இடமில்லைங்கற நிலைமையில முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான்.

"எல்லாத்தையும் போட்டுருவோம், அவங்க பயந்துருவாங்க" என்று மட்டும் சொல்ற வக்கீல்கிட்ட யோசிச்சு நடங்க. ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்குல 2020 நவம்பர் 4 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முன்னாடி வாங்கின ஜீவனாம்ச உத்தரவை அடுத்த கோர்ட்டுல மறைக்கக் கூடாது. அந்தத் தொகையை அடுத்த கோர்ட்டு கணக்குல எடுத்துக் கழிச்சுக்கும். மூணு வழக்கு போட்டா மூணு மடங்கு பணம் வராது. மூணு இடத்துல வாய்தாவுக்கு அலைய வேண்டியதுதான் மிச்சம்.

---

மரிக்கொழுந்து

ஒண்ணு சேக்கறேன். மனுவோட முதல் பக்கத்தையே பாத்து வக்கீலை எடை போடலாம். மனுதாரர்னு தாய் பேரு மட்டும் இருந்தா திருப்பிக் குடுத்துத் திருத்தச் சொல்லுங்க. முதல் மனுதாரர் தாய். இரண்டாம் மனுதாரர் மைனர் குழந்தை, காப்பாளர் தாய். கோரிக்கையிலும் ஆளுக்கு இவ்வளவுன்னு தனித்தனித் தொகை இருக்கணும்.

ஏன்னா, 144-ல மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்கக் காரணங்கள் இருக்கு. காரணமில்லாம சேர்ந்து வாழ மறுத்தா, பரஸ்பர சம்மதத்துல தனியா இருந்தான்னு எதிர்த்தரப்பு வாதம் வரும். விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் பண்ணினா மனைவியோட தொகை நின்னுடும். இதுல எதுவுமே குழந்தையைத் தொடாது. உத்தரவு "மனுதாரர்களுக்கு மொத்தம் ரூ.20,000"ன்னு வந்திருந்தா, பிற்பாடு தாயோட தொகை விழும்போது குழந்தைக்கு எவ்வளவுன்னு மறுபடி முதல்லேர்ந்து வாதாடணும். "முதல் மனுதாரருக்கு 12,000, இரண்டாம் மனுதாரருக்கு 8,000"ன்னு இருந்தா 8,000 அப்படியே நிக்கும்.

இந்து திருமணச் சட்டத்துல போடறதா இருந்தா பிரிவு 24 மட்டும் எழுதாம 26-ஐயும் சேர்க்கச் சொல்லுங்க. 24 கணவன் மனைவி பத்திப் பேசுது. குழந்தையோட பராமரிப்பு, கல்வி, யாரிடம் வளரணும்கறதுக்கு 26. குழந்தை செலவையும் 24-க்குள்ளயே பாக்கலாம்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, ஆனா 26-ஐச் சேர்த்துப் போட்டுட்டா அந்த வாதத்துக்கே ஒரு வாய்தா வீணாகாது.

---

கட்டுமரம்72

பல வழக்கு போடறதைப் பத்தி வழக்குரை எச்சரிச்சதுல ஒரு இடத்துல மாறுபடறேன். விவாகரத்து வழக்கு நிலுவையில இருந்தா 24 போதும், 144 எதுக்குன்னு சில வக்கீல்கள் சொல்றாங்க. குழந்தை இருந்தா 144-ல தனி எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) கண்டிப்பா வேணும்னு சொல்வேன். 24-ல வாங்கின உத்தரவு அந்த மூல வழக்கோட ஒட்டிக்கிட்டு இருக்கும். மூல மனுவைப் போட்டவர் வாபஸ் வாங்கிட்டா அந்த நாளோட இடைக்காலத் தொகை நின்னுடும், அதுவரைக்கும் சேர்ந்த பாக்கியைத்தான் வசூல் பண்ணலாம். எதிர்த்தரப்பு போட்ட வழக்குக்குள்ள 24 மனு போட்டவங்களுக்கு இந்த ஆபத்து நிஜமானது. 144-ல வாங்கின உத்தரவு அப்படிக் கரையாது. இரண்டும் போடுறது தப்பில்லை, ஒண்ணை ஒண்ணுல மறைக்கறதுதான் தப்பு.

எங்க போடறதுங்கறதும் முக்கியம். குடும்ப நல நீதிமன்றம் இருக்கற இடத்துல 144 மனுவும் அங்கேயேதான். இல்லாத ஊர்ல விவாகரத்து சார்பு நீதிமன்றத்துலயும் ஜீவனாம்சம் மாஜிஸ்திரேட் கிட்டயும் போகும். மனைவி தான் இப்ப இருக்கற ஊர்லயே விவாகரத்து மனு போடலாம், 2003 திருத்தத்துல இந்து திருமணச் சட்டம் பிரிவு 19-ல சேர்த்தது. கணவர் வேற ஊர்ல முந்திக்கிட்டுப் போட்டுட்டா சிவில் நடைமுறைச் சட்டம் 24-ல உயர் நீதிமன்றத்துல மாற்றல் மனு. வேற மாநிலம்னா 25-ல உச்ச நீதிமன்றம். ஊர்க் கோர்ட்டு வக்கீலுக்கு அங்க ஆள் இருக்காங்களா, இல்ல நீங்களே தனியா ஒருத்தரைப் பிடிக்கணுமான்னு முதல் நாளே கேட்டுக்கங்க.

---

ஏரிக்கரை

ஃபீஸ் எப்படிப் பேசறது? "வர்ற ஜீவனாம்சத்துல பத்து சதவீதம் குடுத்தாப் போதும், இப்ப ஒண்ணும் வேணாம்"னு சிலர் சொல்றாங்க. பணம் கையில இல்லாதவங்களுக்கு அது வசதியாத்தானே தெரியுது?

---

வழக்குரை

வசதியாத் தெரியும், ஆனா அது விதிமீறல். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசறதையும், கிடைக்கற தொகையில பங்கு கேக்கறதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்குது. நடைமுறையிலயும் கெடுதல் உங்களுக்குத்தான். பங்கு கணக்குல இருக்கற வக்கீலுக்கு மாசா மாசம் வர்ற சின்னத் தொகையை விட, ஒரே தடவையா வர்ற மொத்தத் தொகைதான் கண்ணுக்குத் தெரியும். குழந்தைக்கு வேண்டியது மாசா மாசம் வர்றது.

ஃபீஸை வேலை வேலையாப் பிரிச்சுப் பேசுங்க. மனு தயாரிச்சு, கோர்ட்டு ஏத்துக்கிட்டு வழக்கு நம்பர் ஆகற வரைக்கும் இவ்வளவு. இடைக்கால மனுவுல உத்தரவு வர வரைக்கும் இவ்வளவு. சாட்சி விசாரணை ஆரம்பிக்கும்போது இவ்வளவு. இறுதி வாதம் முடிஞ்சதும் மீதி. இதுல சேராதது எதுன்னும் அப்பவே கேளுங்க: மேல்முறையீடு, மாற்றல் மனு, நிறைவேற்று மனு (உத்தரவான பணத்தை வசூல் பண்ற மனு), வேற ஊர் வாய்தா, டைப்பிங், நகல் செலவு, பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கட்டற பணம்), குமாஸ்தா செலவு. சண்டை வர்றதெல்லாம் இந்தச் சில்லறைத் தலைப்புகள்லதான். "மொத்தமா இவ்வளவு"ன்னு பேசிட்டு, நிறைவேற்று மனு வரும்போது "அது தனி வழக்கும்மா"ன்னு பதில் வரும். அவர் சொல்றது சட்டப்படி சரி, முன்னாடியே கேக்காததுதான் கோளாறு.

பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க. கையில குடுத்தா ரசீது. ஒப்புக்கொண்டதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாவாவது அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கி வெச்சுக்கங்க. வக்காலத்துல (அவர் உங்களுக்காக ஆஜராக நீங்க குடுக்கற அதிகாரத் தாள்) கையெழுத்துப் போடறது சரி, வெத்துத் தாள்லயோ வெத்து முத்திரைத்தாள்லயோ எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க.

காசே இல்லைன்னா பங்கு பேச வேண்டிய அவசியமும் இல்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாக்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்துலயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் போன் பண்ணலாம். ஒதுக்கித் தர்ற வக்கீல் சரியா வரலைன்னா மாத்தித் தரச் சொல்லி அங்கேயே எழுதிக் குடுக்கலாம். "இலவசம்னா வேலை நடக்காது"ன்னு பொதுவாச் சொல்றதை நான் ஏத்துக்கலை. கேள்வி கேட்டு, தேதி குறிச்சுக்கிட்டுத் தொடர்ந்தா நடக்கும். காசு வாங்கற வக்கீல்கிட்டயும் அதையேதான் செய்யணும்.

---

தாழம்பூ

கோர்ட்டு நடைமுறை பத்திக் கொஞ்சம். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 13-ன்படி அங்க வக்கீல் வெச்சுக்கறது உரிமையா வராது, கோர்ட்டு அனுமதிக்கணும். அதனால வக்காலத்தோட அனுமதி மனுவும் சேர்ந்து போகும். வழக்கமாக் குடுத்துடுவாங்க. ஆனா கவுன்சலர் முன்னாடியும் சமரசத்துலயும் பேச வேண்டியது நீங்கதான். அங்க எதுக்குத் தலையாட்டலாம், எதுக்குக் கூடாதுன்னு உக்கார வெச்சு அரை மணி நேரமாவது சொல்லித் தர்ற வக்கீல் நல்ல வக்கீல். "கையெழுத்துப் போடச் சொன்னா எனக்கு போன் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா பத்தாது.

மனு தாக்கல் பண்ணினதும் வழக்கு ஆரம்பிச்சுட்டதா நினைச்சுக்காதீங்க. செக்‌ஷன்ல பாத்து, குறை இருந்தா ரிட்டர்ன் போடுவாங்க, அதாவது திருத்தச் சொல்லித் திருப்பிடுவாங்க. கல்யாணப் பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை, எதிர்மனுதாரர் முகவரிக்குப் பின்கோடு இல்லை, எந்த அடிப்படையில இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம்னு பத்தி இல்லை, ஆவணப் பட்டியல்ல தேதி தப்பு, பெயர் ஆதார்ல ஒரு மாதிரி மனுவுல ஒரு மாதிரி. குறிச்ச கெடுவுக்குள்ள சரி பண்ணித் திருப்பித் தரலைன்னா தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. "போட்டாச்சு, போட்டாச்சு"ன்னு மூணு மாசம் சொல்லிட்டு இருக்கற வழக்குல பாதி இப்படி ரிட்டர்ன்ல கிடக்கறதுதான். நம்பர் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். எண் வரும், அதைக் கேட்டு வாங்குங்க. இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா, போன வாய்தாவுல என்ன நடந்ததுங்கறது உங்களுக்கே தெரியும்.

அடுத்த தாமதம் நோட்டீஸ். இடைக்கால மனுவை நோட்டீஸ் சார்பான நாள்லேர்ந்து கூடியவரை 60 நாளுக்குள்ள முடிக்கணும்னு 24-லயும் 144-லயும் இருக்கு. அந்த 60 நாள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தாத்தான் ஓட ஆரம்பிக்கும். பேட்டா கட்டலைன்னா நோட்டீஸே கிளம்பாது. "கதவு பூட்டியிருந்தது"ன்னு திரும்பினா அடுத்த வாய்தாவுலயே வேற முகவரி குடுக்கணும். வீடு, ஆபீஸ், பெத்தவங்க வீடு மூணையும் முதல் மனுவுலயே எழுதிடுங்க. அப்படியும் பிடிபடலைன்னா கதவுல ஒட்டறதுக்கோ பத்திரிகை விளம்பரத்துக்கோ மனு. இதை வக்கீல் பார்ப்பாரா குமாஸ்தா பார்ப்பாரான்னு கேளுங்க. குமாஸ்தா கெட்டிக்காரரா இருக்கற ஆபீஸ்ல வழக்கு நகரும், இது என் உறுதியான கருத்து.

---

கட்டுமரம்72

இழையோட நடுப்புள்ளி சொத்து விவரப் பிரமாணப் பத்திரம்தான். ரஜ்னேஷ் தீர்ப்புப்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாசச் செலவு எல்லாத்தையும் பிரமாணத்தோட தாக்கல் பண்ணணும். மனு போடறவர் மனுவோடயே போடணும். எதிர்த்தரப்பு பதிலோட நாலு வாரத்துக்குள்ள போடணும், அதுக்கு இரண்டு வாய்ப்புக்கு மேல கிடையாது. இழுத்தடிச்சா எதிர்வாதத்தையே நீக்கலாம். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலேர்ந்து ஓடணும்னும் அதே தீர்ப்புல இருக்கு.

இப்ப ஒரு சம்பளச் சீட்டை எப்படிப் படிக்கணும்னு பாப்போம். எண்கள் உதாரணத்துக்கு:

மொத்தச் சம்பளம் 82,000
பி.எஃப். 4,800
வருமான வரிப் பிடித்தம் 4,200
விருப்ப பி.எஃப். 12,000
சொசைட்டி கடன் தவணை 18,000
கையில் வருவது 43,000

எதிர்த்தரப்பு பத்திரத்துல "என் மாத வருமானம் ரூ.43,000"ன்னு வரும். சட்டப்படி கட்டாயமா வெட்டற வரியும் பி.எஃப்.பும்தான் பொதுவாக் கழிக்கப்படும். தானா சேமிக்கற 12,000-மும் கடன் தவணை 18,000-மும் அவரோட வருமானத்துலேர்ந்தே போகுது. அதைத் திரும்பச் சேர்த்தா 73,000. 2017-ல ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் நிகர சம்பளத்துல 25 சதவீதம் நியாயமா இருக்கும்னு சொன்னதை நிறையப் பேர் மேற்கோள் காட்டுவாங்க. அது எல்லாருக்குமான வாய்ப்பாடு இல்லை, கோர்ட்டு ரெண்டு பக்கத்துத் தேவையையும் பாக்கும். ஆனா அந்த அளவுகோலை வெச்சுப் பார்த்தாலும் 43,000-க்கு 10,750, 73,000-க்கு 18,250. இந்த ஒரு தாளைப் படிக்கத் தெரியாத வக்கீலால குழந்தைக்கு மாசம் 7,500 ரூபா போயிடும்.

சொந்தத் தொழில் பண்றவங்க கணக்குதான் கஷ்டம். வருமான வரிக் கணக்குல குறைவாக் காட்டியிருப்பாங்க. அங்க பேங்க் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. கணக்கு, வண்டிக் கடன் வாங்கும்போது பேங்குக்குக் காட்டின வருமானம், குழந்தை ஸ்கூல் சேர்க்கை படிவத்துல எழுதின வருமானம் எல்லாம் பேசும். கடன் விண்ணப்பத்துல மாசம் ஒரு லட்சம்னு எழுதினவர் கோர்ட்டுல பதினைஞ்சாயிரம்னு சொன்னா, அந்த விண்ணப்பத்தை வரவழைக்க மனு போடணும். "வரவழைக்கற மனு போடுவீங்களா?"ன்னு வக்கீலைக் கேளுங்க. பத்திரத்தை வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு உக்கார்ற ஆபீஸ் உண்டு.

உங்க பத்திரமும் சுத்தமா இருக்கணும். வேலைக்குப் போறதை மறைக்காதீங்க. சம்பாதிக்கற தாயா இருந்தாலும் குழந்தையோட செலவுல தகப்பனுக்குப் பங்கு உண்டு, அதைச் சொல்லிக் கேக்கலாம். மறைச்சு மாட்டினா பொய்ப் பிரமாணம்னு தனி மனு வரும், அப்புறம் நீங்க சொல்ற மத்த எல்லாத்தையும் கோர்ட்டு சந்தேகத்தோடதான் பாக்கும்.

---

மரிக்கொழுந்து

செலவுப் பட்டியல்ல "குழந்தைக்கு மாதம் ரூ.15,000 ஆகிறது"ன்னு ஒரே வரியில முடிக்காதீங்க. ஸ்கூல் ஃபீஸ் வருஷத்துக்கு எவ்வளவு, அதைப் பன்னிரண்டால வகுத்தா எவ்வளவு, வேன், யூனிஃபார்ம், டியூஷன், பால், தடுப்பூசி, டாக்டர், வாடகையில குழந்தை பங்கு. ஒவ்வொண்ணுக்கும் ரசீது எண் போட்டு ஆவணமா இணைக்கணும். ரசீது இல்லாத செலவையும் எழுதலாம், ஆனா ரசீது உள்ளதும் இல்லாததும் கலக்கக் கூடாது.

வாட்ஸ்அப், ரெக்கார்டிங் ஆதாரம் குடுக்கறதா இருந்தா பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ல சான்றிதழ் வேணும். பழைய சாட்சியச் சட்டத்தோட 65-பி தான் இது. இப்ப படிவம் ரெண்டு பகுதி, ஒண்ணு ஆதாரம் தர்றவர் கையெழுத்து, இன்னொண்ணு நிபுணர் கையெழுத்து, ஹேஷ் எண்ணோட (ஃபைல் மாத்தப்படலைன்னு காட்டற எண்). ஸ்க்ரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு போனை மாத்திடாதீங்க, அந்த போன் வழக்கு முடியற வரைக்கும் பத்திரமா இருக்கணும்.

---

ஏரிக்கரை

தகப்பன் தரப்புக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. குழந்தையைப் பாக்க விடாதப்போ பணத்தை நிறுத்தி வெச்சா என்னன்னு கேக்கறாங்க.

---

தாழம்பூ

நிறுத்தவே கூடாது. ஜீவனாம்சம் வேற, குழந்தையைப் பாக்கற உரிமை வேற. ஒண்ணை வெச்சு இன்னொண்ணைப் பேரம் பேசினா ரெண்டுமே கெடும். பணம் நின்னா பாக்கி வசூல் மனு வரும், வாரண்ட் வரும், ஒரு மாசம் வரைக்கும் சிறையும் போடலாம். ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாலும் பாக்கி தீராது, அது அப்படியே நிக்கும். அதோட "குழந்தைக்குச் சோறு போடாதவர் பாக்கணும்னு கேக்கறார்"ங்கற வாதத்தை நீங்களே எதிர்த்தரப்பு கையில எடுத்துக் குடுத்ததா ஆகும்.

உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே மாசா மாசம் முடிஞ்ச தொகையை பேங்க்ல போடுங்க, குறிப்புல "குழந்தை பராமரிப்பு, ஜூன் மாதம்"னு எழுதுங்க. கையில குடுத்த பணத்தையும், வாங்கிக் குடுத்த சைக்கிளையும் கோர்ட்டு கணக்குல சேர்க்கறது கஷ்டம். ஸ்கூல் ஃபீஸ் நேராக் கட்டினா ரசீது உங்க பேர்ல வரணும்.

பாக்கறதுக்குத் தனி மனு: விவாகரத்து வழக்கு இருந்தா பிரிவு 26, இல்லைன்னா காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம் 1890. அஞ்சு வயசுக்குள்ள குழந்தை சாதாரணமா தாய்கிட்டன்னு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6 சொல்லுது. அது முழு உரிமை இல்லை, குழந்தையோட நலன்தான் எப்பவும் முதல்ல. மனுவுல "பார்க்க அனுமதி வேண்டும்"னு மொட்டையா எழுதற வக்கீலை விட, எந்தக் கிழமை, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரை, எங்க ஒப்படைக்கறது, யார் கூட்டிட்டு வர்றது, லீவுல எத்தனை நாள், வீடியோ கால் எந்த நேரம்னு எழுதற வக்கீலைத் தேடுங்க. உத்தரவுல நேரமும் இடமும் இல்லைன்னா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு சண்டைதான்.

---

வழக்குரை

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வருவோம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 13-பி. ஒரு வருஷம் தனியா இருந்திருக்கணும், முதல் மனுவுக்கும் (முதல் நகர்வு) ரெண்டு பேரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி பண்ற இரண்டாவது நகர்வுக்கும் நடுவுல ஆறு மாசம். அந்த ஆறு மாசம் கட்டாயமில்லை, தகுந்த வழக்குல விலக்கலாம்னு 2017-ல அமர்தீப் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எல்லாருக்கும் தானா விலகாது, தனி மனு போடணும். குழந்தை விஷயமும் பணமும் நிஜமாவே தீர்ந்துடுச்சான்னு கோர்ட்டு பாக்கும். தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் சம்மதத்தை வாபஸ் வாங்கினாலும் மனு நிக்காது. அதனால மொத்தப் பணத்தையும் முதல் நகர்வுலயே குடுத்து முடிக்கறதும், கடைசி நாள் வரைக்கும் ஒரு பைசா வாங்காம இருக்கறதும் ரெண்டும் ஆபத்து. தொகையைப் பிரிச்சு, கடைசித் தவணைக்கு டி.டி.யை இரண்டாவது நகர்வு அன்னிக்கு ஜட்ஜ் முன்னாடி மாத்திக்கற மாதிரி எழுதுங்க.

"ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம்"னு சொல்வாங்க. சொத்தும் குழந்தையும் இல்லாத இடத்துல ஓடிடும். குழந்தை இருந்தா தனித்தனி வக்கீல் வெச்சுக்கங்க. பின்னாடி தகராறு வந்தா அந்த வக்கீல் ஒருத்தருக்காக இன்னொருத்தருக்கு எதிரா நிக்க முடியாது, அப்ப ரெண்டு பேரும் புதுசாத் தேடணும்.

ஒப்பந்தத்துல அடிக்கடி பாக்கற மோசமான வரி: "மனைவியும் குழந்தையும் இனி எந்த ஜீவனாம்சமும் கேட்க மாட்டார்கள்." தாய் தன் உரிமையைப் பத்திப் பேசலாம். குழந்தையோட உரிமையைத் தாய் விட்டுக்குடுக்க முடியாது. இந்த வரியை நம்பிப் பணம் குடுக்கற தகப்பனுக்கும் பாதுகாப்பு இல்லை, நம்பிக் கையெழுத்துப் போடற தாய்க்கும் இல்லை. அதுக்குப் பதிலா இப்படி எழுதலாம்:

"தகப்பனார் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் ரூ.____ குழந்தையின் பராமரிப்புக்காக, தாய் காப்பாளராக உள்ள குழந்தையின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். இத்தொகை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் முதல் 8 சதவீதம் உயரும். பள்ளி மற்றும் கல்லூரிக் கட்டணம் இத்தொகையில் அடங்காது. ரசீது அனுப்பிய 10 நாட்களுக்குள் தகப்பனார் நேரடியாகச் செலுத்த வேண்டும். மருத்துவக் காப்பீட்டைத் தகப்பனார் தொடர வேண்டும்."

சதவீதம் நீங்க பேசி வெக்கறது. ஆனா உயர்வுன்னு ஒரு வரி இல்லைன்னா, எல்.கே.ஜி. ஃபீஸுக்குப் பேசின தொகை பத்தாம் வகுப்புலயும் அதேதான். அப்ப 144 உத்தரவுன்னா 146-ல மாத்தச் சொல்லி மனு போட்டு, சூழ்நிலை மாறினதை நிரூபிச்சு, மறுபடியும் வாய்தா.

---

ஏரிக்கரை

நடுவுல வக்கீலை மாத்தணும்னா? ஃபைலைத் தர மாட்டேங்கறார், பாக்கி கேக்கறார்னா?

---

கட்டுமரம்72

மாத்தலாம். பழைய வக்கீல்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வக்காலத்துல எழுதி வாங்கறது வழக்கமான வழி. தர மறுத்தா கோர்ட்டு அனுமதியோட மாத்தலாம். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குத் தாள்களைப் பிடிச்சு வெச்சுக்க வக்கீலுக்கு உரிமை இல்லைன்னு 2000-ல ஆர்.டி. சக்சேனா வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. பாக்கி இருந்தா அதை அவர் வேற வழியில வசூல் பண்ணணும். ஃபைலை எழுத்துல கேளுங்க, பதிவுத் தபால்ல. அப்படியும் தரலைன்னா தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல புகார். அதுவரைக்கும் வழக்கு நிக்கக் கூடாதுன்னா கோர்ட்டுல நகல் மனு போட்டு எல்லாத்தையும் எடுத்துக்கலாம்.

ஆனா கோபத்துல மாத்தாதீங்க. சாட்சி விசாரணை நடந்துட்டு இருக்கும்போது மாத்தினா புது வக்கீல் ஃபைல் படிக்கவே ரெண்டு வாய்தா போகும். மாத்தறதுக்கு நல்ல காரணம்: வாய்தாவுக்கு ஆளே போகாம வழக்கு எக்ஸ்பார்ட்டி (உங்க தரப்பு இல்லாமலே முடிவு) ஆனது, கேட்காம சமரசம் பேசினது, பத்திரம் தாக்கல் பண்ணாம நாள் கடத்தினது. "ஜட்ஜ் முன்னாடி கத்திப் பேசலை"ங்கறது காரணமே இல்லை.

எக்ஸ்பார்ட்டி ஆயிட்டா நாள் எண்ணணும். விவாகரத்துல எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்க 30 நாள், 144 உத்தரவுக்கு மூணு மாசம். தாண்டினா தாமத மனு சேரும், ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லணும்.

---

மரிக்கொழுந்து

உத்தரவு வந்த பிறகுதான் பெரும்பாலான வக்கீல் ஆபீஸ் தூங்கும், அதைச் சொல்லிட்டு முடிக்கறேன். 144-ல வசூல் மனுவுக்குக் கெடு உண்டு. ஒவ்வொரு மாசத் தொகையும் எந்த நாள்ல குடுக்கணுமோ அதுலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாத்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட். 14 மாசம் பொறுத்துட்டுப் போனா முதல் ரெண்டு மாசம் இந்த வழியில வராது. மூணு மாசம் பாக்கி விழுந்ததும் போட்டுடுங்க. சம்பளக்காரரா இருந்தா சம்பளப் பிடித்தம் கேளுங்க: ஜீவனாம்ச டிக்ரிக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 60-ன்படி சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்குத்தான் விலக்கு, மீதியைப் பிடிக்கலாம். மத்தக் கடன்களை விட இது வலுவானது. ஆபீஸ் பேரு, எம்ப்ளாயி எண், சம்பளம் தர்ற பிரிவோட முகவரி மனுவுல இருக்கணும், இல்லைன்னா அதுக்கு ஒரு ரிட்டர்ன்.

மேல்முறையீட்டுக்கு இந்து திருமணச் சட்டம் 90 நாள்னும் குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள்னும் சொல்லுது. எந்தக் கணக்குன்னு வாதாடறதை விட 30-க்குள்ள போட்டுடறது புத்திசாலித்தனம். பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, மோதி வாங்கின தீர்ப்புக்கு உண்டு. அதனால மோதி வாங்கினவங்க அப்பீல் காலம் முடிஞ்சதும், அப்பீல் ஏதும் நிலுவையில இல்லைன்னும் பாத்த பிறகுதான் மறுமணத்துக்கு நாள் குறிக்கணும்.

சான்றிட்ட நகல் கையில வந்ததும் அன்னிக்கே உக்காந்து படிங்க. குழந்தை பேரு, பிறந்த தேதி, தொகை எண்ணாலும் எழுத்தாலும், எந்தத் தேதியிலேர்ந்து, எந்த அக்கவுண்ட். "மனுத் தேதியிலிருந்து"ங்கறது "உத்தரவுத் தேதியிலிருந்து"ன்னு டைப் ஆகியிருந்தா பல மாசப் பணம் காணாமப் போயிடும். எழுத்துப்பிழைன்னா திருத்த மனு சின்ன வேலைதான், அதை வக்கீல் நகல் வாங்கின அந்த வாரமே போட்டுடணும்.